வறட்சி தாங்கும் ஜீன் எது? கொங்குக் காட்டுப் பயிர்களை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் காடு, அதாவது விளைநிலம், காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில் இருக்கிறது. மேட்டாங்காடு. ஒரே ஒரு போர், அதுவும் மாசி பிறந்தால் காற்றைத்தான் கக்கும். கொஞ்சம் தாவர மரபியல் படித்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால் கல்யாணப் பந்தியிலும் மாட்டுச் சந்தையிலும் யாராவது பிடித்துக்கொண்டு கேட்பார்கள். அவர்கள் கேட்டதையே கேட்கிறார்கள், நானும் சொன்னதையே சொல்கிறேன். எழுதி வைத்துவிட்டால் இரண்டு பேருக்கும் நல்லது.

ஏனுங்க, இந்த "வறட்சி தாங்கும் ஜீன்" எதுங்க? அதை எடுத்து நெல்லுக்கு வைத்துவிட்டால் வேலை முடிந்ததே?

அப்படி ஒன்று தனியாக இல்லை. சோளத்தின் மரபணுத் தொகுதி முழுவதையும் 2009-இல் படித்து வெளியிட்டார்கள். ஏறக்குறைய 73 கோடி டி.என்.ஏ. எழுத்துகள், அதற்குள் முப்பதாயிரம் மரபணுக்கள் அளவில். மண் காயத் தொடங்கினால் அவற்றில் ஆயிரக்கணக்கானவை தம் வேலையைக் கூட்டிக்கொள்ளும் அல்லது குறைத்துக்கொள்ளும். சில இலைத்துளைகளை மூடச் சொல்லும், சில வேரை இறக்கச் சொல்லும், சில பூப்பதைத் தள்ளிப் போடும்.

அதனால் எந்த ஜீன் என்று கேட்பதற்கு முன் எந்த வறட்சி என்று கேட்க வேண்டும். நம் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. பல இடங்களில் ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழைதான். ஆடிப்பட்டத்தில் விதைத்தால் முளைத்த இருபதாம் நாளிலேயே ஒரு காய்ச்சல் வரும். புரட்டாசிப் பட்டத்தில் விதைத்தால் முன்பாதி நன்றாகப் போகும்; கார்த்திகையோடு மழை நின்று, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தில் மணி பிடிக்க வேண்டியிருக்கும். இந்த இரண்டும் இரண்டு வேறு வறட்சிகள். ஒன்றுக்குக் கைகொடுக்கும் மரபணு மற்றதில் காலை வாரிவிடலாம். கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் வரும்.

தண்ணீர் பற்றவில்லை என்று பயிருக்கு எப்படித் தெரிகிறது?

வேரிலும் இலையிலும் உள்ள செல்களில் நீரழுத்தம் குறைவதை வைத்து. உடனே அது ஒரு ஹார்மோனைத் தயாரிக்கிறது. பெயர் அப்சிசிக் அமிலம். கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினாய்டு இனத்துப் பொருளை ஒரு நொதி வெட்ட, அதிலிருந்து இது உருவாகிறது. வெட்டும் நொதிக்கான மரபணு முதலில் பிடிபட்டது மக்காச்சோளத்தில், 1997-இல். பிடிபட்ட விதம்தான் வேடிக்கை. சில மக்காச்சோளச் செடிகளில் மணி கதிரில் இருக்கும்போதே முளைத்துவிடும். மழையில் நனைந்ததால் அல்ல, பிறவிக் குறை. "இப்போது முளைக்காதே" என்று விதையை அடக்கி வைப்பது அப்சிசிக் அமிலம்; அந்தச் செடிகளில் அதைச் செய்யும் மரபணு பழுது. விதையைத் தூங்க வைக்கும் பொருளேதான் வறட்சியில் இலைத்துளையை மூடவும் சொல்கிறது.

இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் ஒரு காவல் செல். அவை உப்பி நின்றால் துளை திறக்கும், தளர்ந்தால் மூடும். வேர் உறிஞ்சும் தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் இந்த வழியாக ஆவியாகத்தான் போகிறது. சாதாரண நாளில் காவல் செல்லுக்குள் ஒரு புரதம் இன்னொன்றைக் கட்டுத்தறியில் கட்டிப் போட்ட மாதிரி வைத்திருக்கும். அப்சிசிக் அமிலம் வந்து அதற்கான ஏற்பியில் உட்கார்ந்ததும், ஏற்பி போய்க் கட்டி வைத்தவனைப் பிடித்துக்கொள்ளும். கட்டு அவிழ்ந்த புரதம் செல்லின் வாயில்களைத் திறந்துவிடும். உப்பு வெளியே போகும், உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகும், செல் தளர்ந்து துளை மூடிக்கொள்ளும். எல்லாம் சில நிமிடங்களில். ஹார்மோனை 1960-களிலேயே கண்டுபிடித்துவிட்டாலும் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி எது என்று தெளிவானது 2009-இல்தான். தபால் வருவது தெரியும், கையெழுத்துப் போட்டு வாங்குபவர் யார் என்று நாற்பது வருடத்துக்கு மேல் தெரியாமலே இருந்தது.

அப்புறம் சில மணி நேரத்தில் இரண்டாம் கட்டம். அதே செய்தி செல்லின் கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்குகிறது. காய்ந்துகொண்டிருக்கும் செல்லில் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டுப்போகாமல் காக்கும் புரதங்களும், தண்ணீரை இழுத்துப் பிடிக்கும் புரோலின் போன்ற பொருள்களும் உருவாகும்.

துளையை மூடிவிட்டால் நல்லதுதானே?

தண்ணீருக்கு நல்லது, வெள்ளாமைக்குக் கெட்டது. அதே துளை வழியாகத்தான் கரியமில வாயு உள்ளே வர வேண்டும். மூடிய பயிர் சாகாது, ஆனால் சாப்பிடாது. இலையும் சூடேறும். பத்து நாள் மூடியே கிடந்தால் பயிர் உயிரோடு இருக்கும், மணி இருக்காது. ஆய்வுக்கூடத்தில் தொட்டிச் செடியைக் காயவிட்டுப் பிழைத்ததா என்று பார்ப்பதும், காட்டில் எத்தனை மூட்டை என்று பார்ப்பதும் ஒன்றல்ல. "வறட்சி ஜீன் கண்டுபிடிப்பு" என்று வரும் செய்திகளில் பாதியை நான் இந்த ஒரு காரணத்தாலேயே அரை மனதோடு படிக்கிறேன்.

மத்தியானம் சோளம் சுருண்டு நிற்கிறதே, தண்ணீர் விட வேண்டுமா?

மத்தியானம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இலையின் மேல்புறத்தில், நடுநரம்பை ஒட்டி, பெரிய குமிழ் போன்ற செல்கள் வரிசையாக உண்டு. வெயிலில் அவை தண்ணீரை இழந்து சுருங்கும்போது இலை பீப்பீ மாதிரி உருண்டுகொள்ளும். வெயில் படும் பரப்பு குறையும், உள்பக்கத் துளைகளைச் சுற்றி ஈரக்காற்று தங்கும். எவ்வளவு சீக்கிரம் சுருள வேண்டும், எத்தனை குமிழ் செல்கள் இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் மரபணுக்கள் உண்டு. நெல்லில் இப்படிப் பலவற்றை அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

எங்கள் அப்பாரு விடியற்காலையில் காட்டுக்குப் போய்ப் பார்ப்பார். பொழுது சாய்ந்ததும் விரிந்துகொண்டால் பயிர் சமாளிக்கிறது. காலை ஏழு மணிக்கும் சுருண்டே நின்றால் வேரைச் சுற்றி ஈரம் இல்லை என்று பொருள். அதற்கு மேல் ஒரு நாளும் தள்ளக் கூடாது.

சோளம் தாங்குகிறது, பவானி வாய்க்கால் நெல் நாலு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் வெடிக்கிறது. சோளத்தில் இருக்கும் ஜீன் நெல்லில் இல்லையா?

பெரும்பாலும் இருக்கிறது. மேலே சொன்ன அப்சிசிக் அமிலக் கதை இரண்டுக்கும் பொது. வேறுபாடு சோளத்தின் கட்டுமானத்தில். சோளம், கம்பு, ராகி, மக்காச்சோளம் இவையெல்லாம் கரியமில வாயுவை ஒரு முறை பிடித்து, இலையின் உள்ளறையில் அடர்த்தியாகச் சேர்த்து, அப்புறம் சர்க்கரையாக்குகின்றன. அதனால் துளையைப் பாதி மூடினாலும் சமையல் நடக்கும். நெல்லிலும் கோதுமையிலும் இந்த உள்ளறை ஏற்பாடு இல்லை.

இன்னொன்று, கதிர் வரப்போகும் சோளத்தின் தட்டையில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். திருநீறு பூசிய மாதிரி விரலில் வெள்ளையாக ஒட்டும். அது மெழுகு. துளை மூடிய பிறகும் தோல் வழியாகக் கசியும் தண்ணீரை அதுதான் தடுக்கிறது. அந்த மெழுகு மரபணு பழுதான சோளச் செடிகள் பளபளவென்று பச்சையாக, பார்க்க அழகாக இருக்கும். வறண்ட காட்டில் நிற்காது.

கதிர் முற்றும்வரை இலை பச்சையாகவே நிற்கும் சோளம் என்கிறார்களே, அது என்ன?

இது நம் புரட்டாசிப் பட்டத்துக்கு என்றே செய்த மாதிரியான விஷயம். சாதாரணச் சோளத்தில் மணி பால் பிடிக்கும்போது மண் காய்ந்தால் கீழ் இலைகள் தீய்ந்து, தட்டு சோர்ந்து, கடைசியில் தண்டழுகி விழும். சில ரகங்களில் அப்படி ஆகாமல் இலை பச்சையாகவே நிற்கும். இதற்காக உலகம் முழுக்க அதிகம் ஆராயப்பட்ட வம்சம் எத்தியோப்பியாவின் நாட்டுச் சோளத்திலிருந்து வந்தது. அதன் குரோமோசோம்களில் நான்கு இடங்களை முக்கியமானவை என்று குறித்து, எஸ்.டி.ஜி. 1 முதல் 4 வரை பெயர் வைத்திருக்கிறார்கள்.

முதலில் எல்லோரும் நினைத்தது, இந்த மரபணுக்கள் இலை முதுமையடைவதைத் தடுக்கின்றன என்று. ஆஸ்திரேலியாவில் பல வருடம் காட்டில் அளந்து பார்த்தபோது கதை வேறாக இருந்தது. இந்தப் பயிர் சிறுவயதிலேயே சிக்கனம். அடியிலிருந்து கிளைக்கும் பக்கத்தூர்கள் குறைவு, இலைப்பரப்பு சிறியது. அதனால் பூக்கும் முன் மண்ணின் ஈரத்தை மெதுவாகக் குடிக்கிறது. மணி பிடிக்கும் நாள்களுக்கு மிச்சம் இருக்கிறது. கடைசியில் தெரியும் பச்சை, தொடக்கத்தில் செய்த சேமிப்பு. தை மாதம் காட்டைப் பார்த்து "என்ன பச்சை!" என்கிறோம், ஐப்பசியில் அது பக்கத்துக் காட்டைவிடச் சோனியாக நின்றதை யாரும் நினைவில் வைப்பதில்லை.

இதிலேயே அதன் குறையும் இருக்கிறது. மழை நன்றாகப் பெய்யும் வருடத்தில் சேமித்து வைத்த பயிர் செலவழித்த பயிரிடம் தோற்கலாம். ஆனால் நம் பக்கம் சோளம் போடுபவர்களில் பாதிப்பேர் மணியைவிடத் தட்டுக்காகப் போடுகிறோம். அறுக்கும்போது பச்சை மிச்சமிருக்கும் தட்டை மாடு மிச்சம் வைக்காமல் தின்னும். தட்டுப்போர் போடுகிறவர்களுக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன்.

வாடின சோளத்தை மேய்ந்தால் மாடு செத்துப் போகிறதே, அதுவும் ஜீன் வேலையா?

ஆமாம். இதை நான் பாடத்தில் படித்ததைவிட ஒரு அந்தியில் படித்ததுதான் அதிகம். எங்கள் செவலைக் கிடாரி கிளுவை வேலியில் ஒரு சந்து கண்டுபிடித்துப் போய், மழையில்லாமல் முழங்கால் உயரத்தில் நின்றுபோன சோளத்தை மேய்ந்துவிட்டது. அரை மணி நேரத்துக்குள் நடுக்கம், வாயில் நுரை, மூச்சு இழுப்பு. கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருந்தது எங்கள் நல்ல நேரம். சோடியம் தயோசல்பேட்டை நரம்பில் ஏற்றினார். பிழைத்துக்கொண்டது. இப்போது மூன்று ஈத்து ஆகிவிட்டது.

சோளம் டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து துரின் என்ற பொருளைச் செய்கிறது. மூன்று நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும். மூன்றுக்கும் மரபணுக்கள் தெரிந்தவை. துரின் இலையின் மேல்தோல் செல்களில் இருக்கும். அதை உடைக்கும் நொதி உள்செல்களில் இருக்கும். மாடு மெல்லும்போது இரண்டும் கலந்து சயனைடு வெளிப்படும். வறட்சியில் வளர்ச்சி நின்றுபோன இளம்பயிரில் துரின் கூடுகிறது. நைட்ரஜனைச் சேர்த்து வைக்கும் கிடங்காகவும் பயிர் அதைப் பயன்படுத்துகிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. யூரியா அதிகம் போட்ட காட்டில் நஞ்சு கூடுவது அதோடு பொருந்துகிறது.

மழை வந்துவிட்டது, இனி பயமில்லை என்று நினைக்காதீர்கள். காய்ந்த பயிர் மழைக்குப் பிறகு விடும் புதுத் துளிரும், அறுத்த தாளிலிருந்து வரும் மறுதாம்பும்தான் இன்னும் ஆபத்து. பூத்த பிறகு அறுத்து, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். ஆஸ்திரேலிய, டென்மார்க் ஆய்வாளர்கள் இந்த நஞ்சே இல்லாத சோளச் செடிகளை 2012-இல் வெளியிட்டார்கள். வழியின் முதல் நொதிக்கான மரபணுவில் ஒரு மாற்றம், அவ்வளவுதான்.

வேர் ஆழமாகப் போக ஒரு ஜீன் இருக்கிறதாமே?

நெல்லில் இருக்கிறது. பெயர் டி.ஆர்.ஓ.1, ஜப்பானியக் குழு ஒன்று 2013-இல் வெளியிட்டது. பிலிப்பைன்ஸின் மேட்டுநில நெல் ஒன்றின் வேர் செங்குத்தாக இறங்கும். உலகம் முழுக்கப் பரவிய ஐ.ஆர்.64-இன் வேர் படர்ந்து போகும். இரண்டுக்கும் வேறுபாடு தேடினால், ஐ.ஆர்.64-இல் அந்த மரபணுவின் ஒரே ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அதனால் புரதம் அரைகுறையாக நின்றுவிடுகிறது. முழு மரபணுவை ஐ.ஆர்.64-க்குள் கலப்பு வழியாகக் கொண்டுவந்ததும் வேரின் கோணம் மாறியது, வறட்சியில் மணியும் கூடியது.

ஆனால் எங்கள் காட்டில் ஒன்றரை அடிக்குக் கீழே சுண்ணாம்புக் கல். வேர் எவ்வளவு நேராக இறங்கினாலும் கல்லில்தான் முட்டும். ஆழ வேருக்கு ஆழ மண் வேண்டும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசலில் பேசலாம்.

கம்பு எப்படி?

இந்தப் பட்டியலில் கெட்டிக்காரப் பயிர். முதல் தந்திரம், வறட்சி வரும் முன் முடித்துக்கொண்டு போய்விடுவது. இரண்டாவது, தாய்க்கதிர் கருகினால் பக்கத்தூர்களைப் பின்னால் பூக்கவிட்டு ஈடுகட்டுவது. மூன்றாவதைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்: சில கம்பு வம்சங்கள் மண்ணில் ஈரம் இருக்கும்போதே, காற்று மிகவும் வறண்டால் இலைத்துளையைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கின்றன. ஐதராபாத் அருகே படான்சேருவில் உள்ள பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனமான இக்ரிசாட்டில் செய்த ஆய்வுகள் இந்தக் குணத்தைக் கம்பின் இரண்டாம் பிணைப்புத் தொகுதியில், அதாவது ஒன்றாகவே கடத்தப்படும் மரபணுக் கூட்டத்தில், ஒரு பகுதியோடு சேர்த்துப் பார்க்கின்றன. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து அடிக்கும் ஆடிக்காற்றில் நிற்கும் பயிருக்கு இது சின்ன விஷயமல்ல.

மக்காச்சோளம்?

நாமக்கல் கோழிகளுக்காக நாம் எல்லோரும் போடும் பயிர், ஆனால் பூக்கும்போது கோழை. மேலே கொண்டை மகரந்தம் கொட்டும் நாளுக்கும், கதிரில் மீசை வெளிவரும் நாளுக்கும் இடைவெளி இரண்டு மூன்று நாள்தான் இருக்க வேண்டும். வறட்சியில் மீசை தாமதமாகும்; அது வரும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும். மணியில்லாத பொக்கைக் கதிர் இப்படித்தான் வருகிறது. மெக்சிகோவில் உள்ள சிமிட் என்ற பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை ஆய்வு மையத்தில் இந்த இடைவெளி குறைந்த செடிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தே வறட்சியில் விளைச்சலைக் கூட்டினார்கள். எந்த ஜீன் என்று தெரியாமலே நடந்த வேலை அது.

வறட்சி மரபணுவை எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும்படி செய்தால்?

செய்து பார்த்தார்கள். டிரெப் என்ற புரதக் குடும்பம் ஒன்று உண்டு. தான் ஒன்று எழுந்து பல மரபணுக்களை எழுப்பிவிடும். ஜப்பானில் 1998-இல் கண்டுபிடித்தார்கள். அதை ஒரு சின்னக் கடுகினச் செடியில் நிரந்தரமாக ஓடவிட்டபோது வறட்சி தாங்கியது, ஆனால் செடி குள்ளமாகிப் போனது. வறட்சி வரும்போது மட்டும் ஓடும்படி விசையை மாற்றியதும் வளர்ச்சி பெரும்பாலும் சரியானது. வாட்ச்மேன் வேண்டும்தான், வீட்டில் எல்லோரும் வாட்ச்மேன் ஆகிவிட்டால் காட்டு வேலை யார் பார்ப்பது?

மரபணு மாற்றிய வறட்சி விதை இங்கே கிடைக்குமா?

கிடைக்காது. இந்தியாவில் வணிகமாகப் பயிராகும் மரபணு மாற்றுப் பயிர் பி.டி. பருத்திதான், 2002 முதல். அமெரிக்காவில் பாக்டீரியா மரபணு ஒன்று வைத்த மக்காச்சோளம் 2013-இல் பரவலாக விற்பனைக்கு வந்தது. அர்ஜென்டினா 2020-இல் சூரியகாந்தி மரபணு வைத்த கோதுமைக்கு அனுமதி தந்தது.

மரபணு திருத்தம் வேறு. வெளியிலிருந்து எதையும் புகுத்தாமல், இருப்பதில் ஓரிரு எழுத்தை மாற்றுவது. 2022-இல் இந்திய அரசு அத்தகைய பயிர்களுக்குக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 2025 மே மாதம் அறிவித்த இரண்டு நெல் ரகங்களில் ஒன்று பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. அடிப்படை எம்.டி.யு.1010 ரகம். டி.எஸ்.டி. என்ற மரபணு, நெல்லின் இலைத்துளைகளைக் கூடுதலாகத் திறந்து வைக்கச் செய்வது. அதை முடக்கினால் துளை குறைந்து தண்ணீர் மிச்சமாகும் என்பது கணக்கு. விளைச்சல் பற்றிய அறிவிப்புகளை எதிர்த்தும் குரல்கள் எழுந்தன. நம் காட்டில் ஒரு பட்டம் பார்த்த பிறகுதான் நான் பேசுவேன்.

விதைப் பையில் "வறட்சி தாங்கும்" என்று அச்சடித்திருக்கிறது. நம்பலாமா?

ஒரு முறை நம்பினேன். "தண்ணியே வேண்டாங்க" என்று கடைக்காரர் கொடுத்த மக்காச்சோளம், சரியாக மழை விட்ட பத்து நாளில் பூத்தது. கதிரின் மேல்பாதி பொக்கை. விதை பொய்யல்ல, வேறு வறட்சிக்குச் செய்த விதை. இப்போது கடையில் மூன்று கேள்வி கேட்கிறேன்: எத்தனையாம் நாள் பூக்கும், மானாவாரியில் சோதித்ததா, எந்தப் பருவத்தில் தண்ணீரை நிறுத்திச் சோதித்தார்கள். மூன்றாவதற்குப் பதில் வந்ததே இல்லை.

விதையைக் கரைசலில் ஊறவைத்து விதைக்கச் சொல்கிறார்களே, அது ஜீனை மாற்றுமா?

மாற்றாது. பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்து மறுபடி நிழலில் உலர்த்தினால், முளைப்பின் முதல் படிகள் உள்ளே நடந்து முடிந்திருக்கும். விதைத்ததும் வேகமாக வேர் விடும். அடுத்த தலைமுறைக்கு எதுவும் போகாது. மலிவான வேலை, செய்யுங்கள்.

பழைய இறுங்குச் சோளம், பெரிய மஞ்சச் சோளமெல்லாம் இதற்கு உதவுமா?

உதவும், ஆனால் "பழசு என்றாலே தாங்கும்" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்தப் பட்டத்தில், எந்த மண்ணில் தலைமுறையாக நின்றதோ அந்த வறட்சிக்குத்தான் அது பழகியிருக்கும். எத்தியோப்பியச் சோளம் இன்று ஆஸ்திரேலியாவில் பயன்படுவதற்குக் காரணம், யாரோ ஒருவர் அதை எடுத்துப் பத்திரப்படுத்தியதுதான். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் ராமையா மரபணு வங்கி இருக்கிறது. இக்ரிசாட்டில் உலகின் சோளம், கம்பு வகைகள் ஆயிரக்கணக்கில் குளிரறையில் கிடக்கின்றன.

உங்கள் வீட்டில் பரணிலோ குதிரிலோ பழைய விதை இருந்தால், கதிரோடு ஒரு கைப்பிடி காயவைத்துத் துணிப்பையில் போடுங்கள். ஒரு சீட்டில் மூன்று விஷயம் எழுதிப் போடுங்கள்: எந்தக் காட்டில் விளைந்தது, எந்தப் பட்டம், மழை எப்போது நின்றது. மூன்றாவதை எழுத எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எங்கள் அம்மச்சி கொடுத்த செஞ்சோள விதையோடு சீட்டு எதுவும் இல்லை. அது ஆடிச் சோளமா புரட்டாசிச் சோளமா என்று தெரியாமல் இந்த வருடம் இரண்டு பட்டத்திலும் நாலு நாலு சால் போட்டுப் பார்க்கப் போகிறேன்.